அவல் மருந்தும் ஐந்து கட்டைகளும்

1

ஒரே ஒரு தோட்டாவால் போலிங் ஆட்டத்தில் பந்து உருட்டி வீழ்த்துகிற ஐந்து கட்டைகளை மேசையிலிருந்து கீழே இறக்கியவன் நான். அந்தக் கணத்தில் மேற்குப் பென்சில்வேனியா முழுவதும் மூச்சுவிட மறந்தது. அலெகேனி நதிகூடக் கொஞ்சம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனது.

நம்பவில்லை அல்லவா? பரவாயில்லை, உட்காருங்கள். நம்பாதவர்கள் வரிசையில் உங்களுக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார்.

அவர் பெயர் ஓர்வில் ஹுடாக். உருக்காலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். எங்கள் துப்பாக்கி மன்றத்தில் வியாழக்கிழமைதோறும் நடக்கும் இரட்டையர் போட்டியில் என் கூட்டாளி. இந்தக் கதை பிறந்ததே அவரால்தான். "வாயால சொல்லிக்கிட்டே திரியாத டில். எழுது. எழுதிப் பாத்தா உனக்கே சிரிப்பு வரும்" என்றார். நான் தில்லைநாயகம். கண்ணாடித் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குள் பெயர் டில்லாகச் சுருங்கியது. ஓய்வு பெற்ற பிறகும் திரும்ப வளரவில்லை.

சரி, எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன். ஓர்வில்லுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது அதில் கிடைக்கும் சின்ன வசதி. சனிக்கிழமை காலை உணவகத்தில் உட்கார்ந்து, எழுதிய வரைக்கும் அவருக்கு வாயால் மொழிபெயர்த்துச் சொல்வேன். போகிற வழியில் சில வாக்கியங்கள் இளைக்கும், சில பெருக்கும். அவருடைய மூக்கைப் பற்றிய பத்தி போய்ச் சேரவே சேராது. அவர் மறுப்பதையெல்லாம் உடுக்குறி போட்டு அங்கங்கே சேர்ப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.*

* ஓர்வில்: நதி நிக்கல. நானும் அங்கதான் இருந்தேன்.

2

தொடக்கம் மூன்று முறை எழுதினேன்.

முதல் முயற்சி: "மழை விட்டிருந்தது. பைன் மரங்களிலிருந்து சொட்டும் துளிகளைப் பார்த்தபடி அவன் தன் கைத்துப்பாக்கியை—" [கைவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் இரண்டாம் பக்கத்தில் யாரையாவது கொல்ல வேண்டியிருக்கும். என் துப்பாக்கி கட்டைகளைத் தவிர யாருக்கும் கெடுதல் செய்ததில்லை.]

இரண்டாம் முயற்சி: "கைத்துப்பாக்கித் தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளும் மனிதர்கள் இரண்டு வகை. முதல் வகை—" [கைவிட்டேன். ஒரே வகைதான் உண்டு. மற்ற எல்லோரும் தப்பாக நிரப்புகிறார்கள் என்று நினைப்பவர்கள்.]

மூன்றாம் முயற்சி இது. இதில் உண்மையின் அளவு கொஞ்சம் கூடுதல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்துப் போனபோது பனிக்கட்டியில் வழுக்கி என் வலது மணிக்கட்டு முறிந்தது. தகடு வைத்துத் திருகினார்கள். "இனி துப்பாக்கி உதைக்கிற உதையெல்லாம் இந்தக் கை வாங்கக் கூடாது" என்றார் டாக்டர். மே மாதம் போட்டிகள் தொடங்கும். ஓர்வில் என் வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி வெர்னா கொடுத்தனுப்பிய பியரோகிக் கொழுக்கட்டைகளை மேசையில் வைத்தார். என்னைப் பார்க்காமல் அவற்றைப் பார்த்தபடியே பேசினார்.

"ரெஜிஸ் இந்த வருசம் என்கூட நிக்கிறேங்கிறான்."

ரெஜிஸ், வெர்னாவின் தம்பி.

"நீ என்ன சொன்ன?"

"ஆள் இருக்குன்னேன். ஆளுக்குக் கை இருக்கான்னு கேட்டான்."

"இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அதத்தான் கேக்க வந்தேன். இருக்கா?"

பதினெட்டு வருடங்களாக அந்த மேசைக்கு முன்னால் ஓர்வில்லின் இடது பக்கம் என் இடம். அதை இழக்க எனக்கு மனமில்லை. இவ்வளவுதான் இந்தக் கதை. மீதியெல்லாம் மருந்து.

3

இது கட்டுரைப் பகுதி. அவசரப்படுபவர்கள் நான்காவதற்குத் தாவலாம். ஆனால் கட்டை ஏன் உருண்டது என்று அங்கே வந்து என்னிடம் கேட்கக் கூடாது.

புகையற்ற வெடிமருந்து என்பார்கள். முதலில் அதுவே பொய். புகை வரும், குறைவாக வரும், அவ்வளவுதான். (பொய்யிலும் அளவு உண்டு என்பதற்கு என்னைத் தவிர இது ஒன்றுதான் உதாரணம்.) கடையில் டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கும். திறந்து பார்த்தால் நம் சமையலறை. ஒன்று கசகசா மாதிரி உருண்டை. ஒன்று நொறுக்கிய சேமியா. இன்னொன்று தட்டையாக, லேசாக, அவல்.

கைத்துப்பாக்கியின் குழல் குட்டை. குண்டு வெளியே போவதற்குள் மருந்து எரிந்து முடிய வேண்டும். மெதுவாக எரிகிற மருந்தைப் போட்டால், நிறையவும் போட வேண்டும், பாதி குழலுக்கு வெளியேதான் எரியும். பெரிய தீநாக்கு, பெரிய சத்தம், பெரிய உதை. ரெஜிஸுக்கு அதுதான் பிடிக்கும். அவன் சுட்டால் பக்கத்து மாவட்டத்தில் தீயணைப்பு வண்டி கிளம்பும்.

வேகமாக எரிகிற மருந்து கொஞ்சம் போதும். உதையும் குறைவு. என் கைக்கு அதுதான். ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது: அந்தக் கொஞ்சம், தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். நினைவு தப்பி இன்னொரு முறை போட்டாலும் வெளியே தெரியாது. இரண்டு பங்கு மருந்தோடு சுட்டால் துப்பாக்கி பிளக்கும், பிடித்த விரலும் போகும். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடி தேடுகிற வயதில் இதை யோசிக்க வேண்டும் அல்லவா?

அங்கேதான் அவல். வேகமாக எரியும், ஆனால் உப்பலாக இருந்து கூட்டை நிறைக்கும். தவறி இரண்டு முறை போட்டால் வழிந்து மேசையில் கொட்டிக் காட்டிக்கொடுக்கும். நான் தப்பு செய்தால் உடனே சத்தம் போடுகிற ஒரே பொருள், என் மனைவிக்கு அடுத்தபடியாக. குறை ஒன்று: அளக்கும் கருவியில் அவல் சரளமாக இறங்காது, குழாயில் கூடு கட்டி நின்றுவிடும். ஒவ்வொன்றையும் தராசில் நிறுக்க வேண்டும். ஓய்வு பெற்றவனுக்கு அதைவிட வேறு என்ன வேலை?

நாங்கள் தோட்டா நிரப்பும் ஓர்வில்லின் கராஜில் அந்த டப்பாவைத் திறந்தேன். அங்கே ஒரு சட்டம் உண்டு: மேசையில் எந்த நேரமும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். ஓர்வில் தன் கசகசா டப்பாவை எடுத்து மேலே அலமாரியில் வைத்துவிட்டு, என் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது என்னய்யா, பொடுகா?"

"மருந்து."

"இத வச்சு கட்டையத் தட்டுவியா? காபிக் கோப்பையத் தட்ட முடியாது."

"மருந்து அளவுப் புத்தகத்துல இருக்கு."

"புத்தகத்துல போட்டதுக்குக் கீழயும் போகாத, மேலயும் போகாத. அது சரி. ஆனா புத்தகம் எழுதினவன் கட்டை சுட்டிருக்க மாட்டான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் போட்டியில் கட்டை சாய்ந்தால் மட்டும் போதாது. மேசையை விட்டு இறங்க வேண்டும். ஓங்கி அடிக்கிற குண்டு கட்டையை நேராகப் பின்னால் தூக்கி எறியும். மெதுவான குண்டு அதைத் தூங்கவைக்கும். மேசைமேல் படுத்த கட்டை கணக்கில் சேராது. ஏப்ரல் முழுக்கப் பயிற்சி எடுத்தேன். என் கட்டைகள் எல்லாம் சாப்பிட்ட பிறகு மதியத் தூக்கம் போடுகிற மாதிரி மேசையில் வரிசையாகப் படுத்தன. என் கை மட்டும் வலிக்கவே இல்லை.

4

இந்த இடத்தில் ஒரு சந்தேகம். ரெஜிஸை என்ன செய்வது?

கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டும். என் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறவன், அந்த வேலைக்குப் பொருத்தம். ஆனால் என் கையில் கட்டுப் போட்டிருந்த மாதங்களில் என் வீட்டு வாசல் பனியை வாரித் தள்ளியவன் அவன்தான். கேட்காமலே வந்து வாருவான். வாரிவிட்டுக் கத்திக் கேலி செய்வான். இப்படிப்பட்டவனைக் கெட்டவனாக்குவது பெரிய உழைப்பு. முயன்று பார்க்கிறேன்:

"ரெஜிஸ் தன் முறுக்கிய மீசையைத் தடவியபடி, குரூரமாக—"*

* ஓர்வில்: அவனுக்கு மீசையே கிடையாது.

[கைவிட்டேன்.]

5

நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

சுடுகிறவனின் கண் இலக்கைப் பார்க்கும். தோட்டா நிரப்புகிறவனின் கண் காலிக் கூடு பறக்கும் திசையைப் பார்க்கும். சுட்டதும் துப்பாக்கி பித்தளைக் கூட்டை வலப்பக்கம் வீசும். அதைப் பொறுக்கிக் கழுவி, மறுபடி மருந்து போட்டு, மறுபடி சுடலாம். அதனால் எங்கள் ஆட்கள் எதைப் பார்க்கத் தவறினாலும் கூட்டைப் பார்க்கத் தவறுவதில்லை. ஓர்வில் அதில் மகான். அவர் தன் வாழ்நாளில் ஒரு கூட்டையும் தொலைத்ததில்லை. ஒருமுறை பறந்துபோன கூடு, வேடிக்கை பார்க்க வந்த பெண்மணியின் சட்டைத் தொப்பிக்குள் விழுந்தது. ஓர்வில் அவள் காரை ஓஹையோ எல்லைவரை துரத்திப் போய் வாங்கி வந்தார்.*

* ஓர்வில்: பெட்ரோல் பங்க் வரைக்கும்தான்.

யாருடைய கூடு யாருடையது என்று குழம்பாமலிருக்க அடியில் அடையாளம் வைப்போம். என்னுடையவற்றின் அடியில் சிவப்பு நகப்பூச்சு. வெர்னா கொடுத்தது. நகப்பூச்சு போட்ட கூடு ஹெம்லாக் மரத்தடியில் எங்கே கிடந்தாலும் ஓர்வில் கண்ணுக்கு அது விளக்கு மாதிரி எரியும்.

இன்னொன்று. போட்டி மேசைகளைக் காலையில் போடுவதும் அவர்தான். எங்கள் மேசையின் ஒரு கால் குட்டை. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் வாங்கிய அட்டைப்பெட்டியை மடித்து அதன் அடியில் செருகினார். இந்த அட்டையை நினைவில் வையுங்கள். (நல்ல எழுத்தாளர்கள் இப்படிச் சொல்லாமல் வைப்பார்கள். எனக்குப் பொறுமை இல்லை.)

6

மே மாத முதல் வியாழன். கையில் பட்டை கட்டிக்கொண்டு போனேன்.

"முதல் மேசை உனக்கு. அஞ்சும் இறங்கினா சீசன் பூரா நீ. இல்லேன்னா அடுத்த சுத்துல ரெஜிஸ்" என்றார் ஓர்வில்.

"சரி."

"கையில வலி வந்தா நிறுத்திடு. வீரம் காட்டாத."

"எங்கிட்ட ஏது வீரம்?"

"அதான் பயமா இருக்கு. இல்லாதவன்தான் காட்டுவான்."

வெர்னா கையில் கேக் சுடும்போது வைக்கிற கடிகாரத்தோடு நின்றாள். எங்கள் மன்றத்தின் நேரம் முழுவதும் அந்தக் கடிகாரத்தில்தான் ஓடுகிறது. பக்கத்து மேசையில் யாரோ ஒருவர் பெரிய சுழல்துப்பாக்கியோடு நின்றார். ரெஜிஸ் பின்னால் கைகட்டி நின்றான். காலையில் பெய்த தூறலில் மீன் அட்டை ஊறிக் கூழாகியிருந்தது. அது யாருக்கும் தெரியாது. மேசை ரகசியமாக இடப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

"தயாரா டில்?" என்றாள் வெர்னா. "காதுல மூடிய மாட்டுங்க. ஓர்வில், உனக்குந்தான்."

ஓர்வில் காதுக்குள் பஞ்சும், மேலே பெரிய மூடியும் மாட்டுகிறவர். அதற்கு முன்பே உருக்காலை அவர் காதில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது.

"ம்!" என்று கடிகாரத்தை அழுத்தினாள் வெர்னா.

பக்கத்து மேசை படபடவென்று வெடித்தது. நான் வலது ஓரக் கட்டையைக் குறிவைத்து ஒன்று சுட்டேன். அவல் மருந்து லேசாகத் தள்ளியது. கூடு பறக்கவில்லை, சோம்பலாக எட்டிப் பார்த்துவிட்டு என் செருப்பருகே விழுந்தது. வழக்கம் விடுமா? ஓர்வில் குனிந்தார்.

குனிந்தவர் நிமிர்வதற்குள் நடந்தது:

கட்டை, அடிவயிற்றில் பட்டு, வழக்கம்போலப் படுத்தது. ஆனால் மேசை சாய்ந்திருந்ததே! படுத்தது புரண்டது. போலிங் கட்டை நேராக உருளாது. கழுத்து மெலிவு, வயிறு பெருத்தது, வட்டமடித்துத்தான் போகும். புரண்ட வேகத்தில் இரண்டாமவன் காலை வாரிப் பின்பக்கம் தள்ளியது. மூன்றாமவனைத் தோளால் இடித்தது. நான்காமவன் தானே பயந்து குதித்தான். ஐந்தாமவன் ஓரத்தில் ஒற்றைக்காலில் ஆடி, யோசித்து, எல்லோரையும் பார்த்து, விழுந்தான். கடைசியாக முதல் கட்டை, பந்தியில் எல்லோரும் எழுந்ததை உறுதிசெய்துகொண்டு எழுகிற பெரியவர் மாதிரி, மெல்ல உருண்டு இறங்கியது. முழுவதும் நாலரை நாள் நடந்த மாதிரி இருந்தது எனக்கு.

நான் இரண்டாவது சுடவே இல்லை. சுட எதுவும் மிச்சமில்லை.

ரெஜிஸ் வாயைத் திறந்தவன் மூடவில்லை. வெர்னா கடிகாரத்தை நிறுத்த மறந்தாள்.

ஓர்வில் நிமிர்ந்தார். காலி மேசை. என் கையைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது.

"எத்தன சுட்ட?"

"ஒண்ணு."

"டில்."

"ஒண்ணுய்யா!"

"அக்கா மேல சத்தியம் மச்சான், ஒண்ணுதான்" என்றான் ரெஜிஸ். என் இடத்துக்கு ஆசைப்பட்டவனே சொல்கிறான். அதுதான் வினையாகப் போனது. ஓர்வில் அவனை நம்பமாட்டார். அவன் உண்மை சொல்லி அவர் பார்த்ததில்லை.

"நீங்க மூணு பேரும் எனக்கு விளையாட்டுக் காட்டுறீங்க" என்றார் ஓர்வில். கீழே கிடந்த கூட்டை எடுத்தார். லேசாக நிரப்பிய தோட்டா கூட்டின் வெளிப்பக்கமெல்லாம் கரி பூசும், இதுவும் கருத்திருந்தது. "இது அவலு. ஒத்துக்கிறேன். மிச்ச நாலு? என் அலமாரியிலேர்ந்து கசகசாவ எடுத்து உரமா நிரப்பியிருக்க. அதான் அஞ்சும் பறந்திருக்கு. கை என்ன ஆவுறது? தகடு என்ன ஆவுறது?"

"மிச்சத் தோட்டா துப்பாக்கியிலயே இருக்கு பாரு."

"நீ எத்தன போட்டேன்னு யார் பாத்தா?"

வெர்னா குறுக்கே வந்தாள். "ஏய்யா, கண்ணால பாத்தேங்கிறேன்."

"நீ இவனுக்குக் கொழுக்கட்ட செஞ்சு அனுப்புறவ. சாட்சி செல்லாது."

பிறகு என்னிடம், தாழ்ந்த குரலில்: "கைய உடைச்சுக்கிட்டு எனக்கு யாரும் கூட நிக்க வேணாம். போ."

அதுதான் குத்தியது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் என் மணிக்கட்டுக்காகக் கோபப்பட்டார். அதற்கு நான் எந்தத் துப்பாக்கியை எடுப்பது?

அடுத்த வியாழனிலிருந்து ரெஜிஸ் அவர் பக்கத்தில் நின்றான். மிகுந்த சங்கடத்தோடு நின்றான். நன்றாகவே சுட்டான், பாவி.

7

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

(அ) ஓர்வில் அந்த நான்கு கூடுகளையும் கண்டுபிடிக்கிறார். அப்படியானால் நான் பொய்யன். இந்த முடிவில் நடை நன்றாக வந்தது, ஆனால் கூடுகள் ஒத்துழைக்கவில்லை.

(ஆ) நானே நான்கு கூடுகளுக்கு நகப்பூச்சு போட்டுப் புதரில் எறிகிறேன், அவர் கண்டெடுக்கிறார், மன்னிப்புக் கேட்கிறேன், கூட்டாளி ஆகிறேன். செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு பெற்ற இடம். இரண்டு நாள் இதை யோசித்தேன். நகப்பூச்சுப் புட்டியைத் திறந்துகூட விட்டேன். [கைவிட்டேன். பொய் சொல்வதற்கும் ஒரு மானம் உண்டு. என் பெருமையைக் கூட்டத்தான் பொய் சொல்வேன், குறைக்க அல்ல.]

(இ) ஒரு கழுகு சாட்சி சொல்கிறது.*

* ஓர்வில்: இத நீ படிக்கவே வேணாம்.

உண்மையில் நடந்துகொண்டிருந்தது வேறு. உரமான தோட்டா என்றால் கூடு தூரமாக, ஓடைக்கரைப் புதருக்குள் பறந்திருக்க வேண்டும் என்று ஓர்வில் கணக்குப் போட்டார். அங்கே தேடப் போனார். அது விஷக்கொடி மண்டிய புதர். தொட்டால் உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். அவர் தொட்டார். அரித்தது. மறுபடி போனார். உலோகம் தேடும் கருவியை இரவல் வாங்கினார். குதிரை லாடம், சோடா மூடிகள், யாருடைய பல்செட்டோ எல்லாம் கிடைத்தன. ரெஜிஸ் பரிதாபப்பட்டு ஒரு பெரிய காந்தம் வாங்கிக் கொடுத்தான். பித்தளை காந்தத்தில் ஒட்டாது என்பது அவனுக்கும் தெரியும்.

ஆக, வாசகரே, நான் முடிவு எழுதப்போவதில்லை. எனக்கு முடிவு எழுத உரிமையும் இல்லை. இந்த வழக்கில் நானும் ஒரு கட்சி. கீழே ஒரு வரி காலியாக விடுகிறேன். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். நிறைத்தால் வழிகிற அளவுக்குப் போடாதீர்கள்.

.................................................................

8

இங்கே முடித்துவிட்டுத்தான் சனிக்கிழமை உணவகத்துக்குப் போனேன். ஓர்வில் எனக்கு முன்பே வந்திருந்தார். முழங்கால்களில் சேறு. இரண்டு கைகளிலும் தோள்வரை அரிப்புக்கான இளஞ்சிவப்புக் களிம்பு. பிறந்தநாள் கேக் மாதிரி இருந்தார்.

வாசித்துக் காட்டினேன். காலி வரி வந்ததும் நிறுத்தினேன்.

"அதென்ன புள்ளி புள்ளியா?"

"முடிவு. படிக்கிறவங்க எழுதிக்கணும்."

"அவங்களுக்கு என்ன தெரியும்? அவங்களா விஷக்கொடியில படுத்துப் பொரண்டாங்க?"

காபியை வெகுநேரம் கலக்கினார். அதில் அவர் சர்க்கரையே போட்டிருக்கவில்லை.

"காலையில மேசையையும் போய்ப் பாத்தேன். கால் கீழ அட்டை போட்டது நான்தான். கூழா கெடக்கு" என்றார். "மேச இந்தப் பக்கம் இவ்வளவு சாஞ்சிருக்கு."

உள்ளங்கையை இடப்பக்கம் சாய்த்துக் காட்டினார்.

"அந்தப் புதர்ல நாலு கூடு இருந்து என் கண்ணுல படலன்னா, நான் நாலு கூட்டத் தொலைச்சவன்னு ஆகுது."

"ஆகுது."

"அதக் கதையில போடுவியா?"

"போடாம? தலைப்பாவே போடுவேன்."

"போடாத." கையைச் சொறிந்தார். வெர்னா சொறியக் கூடாது என்று சொல்லியிருப்பாள் போல, பாதியில் நிறுத்தினார். "வியாழக்கிழம வந்துடு. அந்தப் பொடுகையே போட்டுக்கிட்டு வா. ரெஜிஸ்கிட்ட நான் சொல்லிக்கிறேன். அவன் சுட்டாத் தல வலிக்குது."

"அப்ப அந்தக் காலி வரியில என்ன போடட்டும்?"

பேனாவை நீட்டினேன். ஓர்வில் வாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏதோ கூடு பறந்து போகிற மாதிரி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நான் எதையும் தொலைக்கல டில். ஒரே தோட்டா, அஞ்சு கட்ட. நடந்துச்சு."